கீழ்த்தளத்து வெந்நீர்த் தொட்டி

...ஆமாம், வெந்நீர்தான், வெந்நீரில் கழுத்துவரை முங்கிக் கிடக்கத்தான், அதுக்குப் போய் பூமியைத் தோண்டணுமா என்று சிட்லபாக்கமே கேட்டாச்சு, கேட்கட்டும், சத்யப்ரியாவுக்கு இனி யாருக்கும் பதில் சொல்கிற உத்தேசம் இல்லை, குரோம்பேட்டைப் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் நின்றுகொண்டே கணக்குப் பாடம் நடத்தின கால் இது, நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்த கால், அதுக்குத் தெரியும் எதற்குத் தோண்டினோம் என்று... வீடு கட்டும்போதே அடம்பிடித்து வாங்கிய கீழ்த்தளம், குடிவந்த பிறகும் பூசாமல் கிடக்கிற சுவர், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். இங்கே தொட்டி, அங்கே நீராவி அறை, சுவரோரம் சாய்ந்து படிக்க ஒரு மரக்கட்டில், எல்லாம் அவளே ஸ்கேல் வைத்துப் போட்ட வரைபடம். புருஷன் ஹேமநாத் என்ன சொன்னார்? "ஏரிப் பக்கத்துல பள்ளம் தோண்டுறவ நீ ஒருத்திதான், மழை வந்தா தானா நீச்சல்குளம் ஆயிடும்." ஆகட்டுமே, நீந்திட்டுப் போறேன். அப்புறம் அவரே ஒரு பெரிய டிவி மாட்டினா கிரிக்கெட் பார்க்கலாமே என்றார், மகன் பரணி நாவலூர் ஆபீசிலிருந்து போன் போட்டு டேபிள் டென்னிஸ் வைக்கலாம்மா என்றான், நாத்தனார் ஷர்மிளா, பூஜை ரூமுக்கு நேர் கீழே குளிக்கிறதா அண்ணி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்... அடேயப்பா, நான் ஒரு இடம் கேட்டால் ஆளுக்கொரு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். முடியாது. டிவி கிடையாது, மேஜை கிடையாது, பூஜை ரூம் வேண்டுமானால் நகர்ந்துகொள்ளட்டும். கதவுக்கு உள்தாழ்ப்பாள் மட்டும் உண்டு.

"மேடம், இது எதுக்கு?" உள்வேலைக்கு வந்த இன்ஜினியர் ஞானஜோதி, வரைபடத்தையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தாள். கூரை மூலையில், கை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. "காத்துக்கும் ஆவிக்கும் தனியா குழாய் இருக்கே. இது நேரா உங்க கிச்சனுக்கு இல்ல போகுது?" எதற்கு... சத்யப்ரியாதான் போட்டாள், வீடு கட்டும்போதே, பென்சிலில் ஒரு சின்ன வட்டம், யாரும் சொல்லாமல், யோசிக்கக்கூட இல்லாமல், கை பாட்டுக்குப் போட்டது, ஆனால் எதற்கு? அப்போது மேலே குக்கர் விசில் அடித்தது. ஓட்டை வழியாக, காதோரம் அடித்த மாதிரி, அத்தனை தெளிவாக. அடிப்பாவி, இதற்குத்தானா? கழுத்துவரை வெந்நீரில் கிடந்தாலும் பருப்பு தீயாமல் எழுந்து ஓடுவதற்கா? டிவியை விரட்டினேன், மகனை விரட்டினேன், அடுப்பை மட்டும் நானே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறேன். அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது, அதுவும் தன்மேலேயே.

"அடைச்சிடுங்க."

"இன்னிக்கேவா மேடம்?"

"இன்னிக்கே."

மறுபடி விசில். ஹேமநாத் ஹாலில்தான் இருக்கிறார், பேப்பரும் கையுமாக, அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். இன்னொரு விசில். தீயட்டும், தீய்ந்தால் எல்லோரும் தீய்ந்ததைச் சாப்பிடட்டும், நான் எழுந்திருக்கப் போவதில்லை... நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும், அந்த நீல நரம்புக் கால், கீழே செருப்பைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.