ஒன்பதாம் டவரில் ஒரு பூட்டு

எங்கள் காற்றாலைப் பண்ணையில் ஒரு விதி உண்டு. டவரில் ஏறுகிற ஒவ்வொருவரும் கீழே மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் ஏற வேண்டும். சாவி அவரவர் சட்டைப் பையில் இருக்கும். இறங்கி வந்து அவரே திறக்கும்வரை அந்தக் காற்றாலையை யாராலும் ஓட்ட முடியாது. பூட்டுக்காரரை நேரில் பார்க்காமல், அல்லது அவர் குரலையாவது கேட்காமல், மேனேஜர்கூட அதை வெட்டக் கூடாது. இங்கே மேனேஜர் நான்தான்.

அப்படி எழுதும்போது இப்போதும் வேறு யாரைப் பற்றியோ எழுதுவது போல இருக்கிறது. போன வருடம்வரை நானும் ஏறிக்கொண்டிருந்தவள்தான். என்னோடு ஏறியவர் ஒட்டடைக்கொம்பு. ஆள் அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி; அவர் நிஜப் பெயரைச் சம்பள நாளில்தான் கேட்போம். அவர் எனக்கு வைத்த பெயர் சுண்டெலி. உச்சியில், இயந்திர அறைக்குள், கிரீஸ் கையோடு ஒருவரை ஒருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டே சாப்பிடுவோம். எனக்குப் பதவி உயர்வு வந்த மறுநாள் காலை, "குட்மார்னிங் மேடம்" என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த வேலைக்கு அவரும் விண்ணப்பித்திருந்தார் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

அன்றிலிருந்து கண்ட்ரோல் ரூமில் நானும் திரைகளும் மட்டும். சுற்றுகிற காற்றாலைகள் எனக்குப் பச்சைப் புள்ளிகள், நிற்பவை சிவப்பு. மதியம் எல்லாரும் ஷெட்டில் சாப்பிடுவார்கள். நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. போவதை நிறுத்திவிட்டேன். சாப்பாட்டு டப்பாவை கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புள்ளிகளைப் பார்த்தபடி சாப்பிடுவேன்.

வியாழக்கிழமை ஷிஃப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகும் ஒன்பதாம் புள்ளி சிவப்பாகவே இருந்தது. மேனேஜர் வேலைக்காக நான் படிக்கிற மாலை வகுப்புக்குக் கிளம்பப் பையை எடுத்தவள், திரும்ப வைத்துவிட்டு ஜீப்பில் போய்ப் பார்த்தேன். சுவிட்சில் ஒட்டடைக்கொம்பின் பூட்டு தொங்கியது. டவருக்குள் நின்று கூப்பிட்டேன். என் குரல் ஏறிப் போனது. பதில் ஒன்றும் இறங்கி வரவில்லை. அவர் போன் அணைந்திருந்தது. வீட்டுக்குப் போட்டேன். அவர் மனைவி எடுத்தார்.

"அக்கா, அண்ணன் வந்துட்டாரா?"

"இன்னும் வரலையேம்மா. ஏன், ஏதாச்சும் ஆயிடுச்சா?"

"ஒண்ணுமில்லக்கா. ஒரு சாவி வேணும், அவ்வளவுதான்."

பொய்யை நான் சரியாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். அவர் போனை வைக்கவே இல்லை, நான்தான் வைத்தேன்.

அன்று அவரோடு ஏறியவர் ஜோசியர். வானத்தைப் பார்த்துக் காற்று எப்படி இருக்கும் என்று சொல்வார், ஒருநாளும் பலித்ததில்லை. அதனால் அந்தப் பெயர். அவரைப் போனில் பிடித்தேன்.

"நான் இறங்கி என் பூட்டை எடுத்துட்டுக் கிளம்பும்போது அவன் கீழ டவருக்குள்ள கை துடைச்சிட்டு இருந்தான் மேடம். பைக் ரிப்பேராம். பின்வேலி வழியா நடந்து பஸ்ஸைப் பிடிக்கிறேன்னான்."

"போனதைப் பார்த்தீங்களா?"

"பார்க்கல. எதையாச்சும் மறந்து வச்சிட்டு மறுபடி ஏறியிருப்பானோ?" என்றார்.

அதற்குள் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு.

"என்னம்மா, காத்து இப்படிப் பிச்சுக்கிட்டு அடிக்குது, ஒன்பது மட்டும் ஏன் சும்மா நிக்குது?"

சொன்னேன்.

"அவன் வீட்ல கால் நீட்டிட்டு இருப்பான். வெட்டிட்டு ஓட்டும்மா."

"வீட்டுக்கு வரலை சார். நான் ஏறிப் பார்த்துட்டுச் சொல்றேன்."

"எல்லாத்துக்கும் இப்படிப் பயந்தா மேனேஜரா எப்படி இருப்பே?"

அந்தக் கேள்வியை நான் தினமும் என்னிடமே கேட்பதுதான். போனை வைத்துவிட்டு ஜோசியரை வரச் சொன்னேன்.

காற்று ஓர் அளவைத் தாண்டினால் யாரும் ஏறக் கூடாது. அந்த அளவுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி இருந்தது. அவர் மேலே கால் உடைந்து கிடந்தால், விடியும்வரை தனியாகக் கிடக்க வேண்டியதுதான். ஜோசியர் தனக்குத் தெரிந்த ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினார். அவர் பூட்டையும் என் பழைய பூட்டையும் பக்கத்தில் மாட்டிவிட்டு ஏணியில் ஏறினோம். ஒரு வருடத்தில் கை கால்கள் எல்லாம் மறந்துபோயிருந்தன. பாதியில் மூச்சு வாங்கி நின்றபோது டவர் லேசாக ஆடுவது முதுகில் தெரிந்தது. உச்சியில் மூடியைத் தள்ளித் திறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டேன்.

உள்ளே யாரும் இல்லை.

சந்தோஷப்பட்டேனா என்று தெரியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி ஒட்டடைக்கொம்பின் எண்ணுக்கு ஸ்பீக்கரில் போட்டேன். இந்த முறை மணி அடித்தது.

"ம்ம்... யாரு?"

"அண்ணே! எங்க இருக்கீங்க?"

"பல் டாக்டர்கிட்ட. புடுங்கியாச்சு. வாயே இல்லாத மாதிரி இருக்கு. ஊசிக்குப் பயந்து அழுதுட்டேன், வீட்ல சொல்லிடாதீங்க."

ஜோசியர் ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மேகத்துல தொங்குறவன், ஒரு பல்லுக்கு அழுதானாம்!"

நானும் சிரித்தேன். பிறகு பூட்டு என்றேன். அந்தப் பக்கம் சட்டைப் பையைத் தடவுகிற சத்தம் கேட்டது.

"அய்யோ. பல்லு நெனப்புலயே போயிட்டேன். சாவி இங்கதான் இருக்கு." குரலைத் தணித்தார். "நீயே வெட்டிடு சுண்டெலி. ரிப்போர்ட்ல எழுதிடாத. எழுதுனா ரெண்டு வாரம் ஏற விடாம கீழ உக்கார வச்சிருவாங்க."

ஒரு வருடமாக யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் சரி என்றால் நாளையும் கூப்பிடுவார் என்று தோன்றியது. ஜோசியர் வேறு பக்கம் திரும்பி, "காத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கல மேடம்" என்றார்.

எழுதாமல் விட்டால் அடுத்த முறை தொங்குகிற பூட்டைப் பார்த்து, இதுவும் யாரோ மறந்துபோன பூட்டுதான் என்று நானே நினைக்கத் தொடங்குவேன். அன்றைக்கு மேலே ஆள் இருப்பார். இப்படித்தான் யோசித்தேன். சரியாக யோசித்தேனா என்று இன்றும் உறுதி இல்லை.

"எழுதத்தான் வேணும்ணே."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார்.

அவர் மனைவிக்குச் சொல்லிவிட்டு இறங்கினோம். எங்கள் பூட்டுகளைத் திறந்தோம், அவருடையதை வெட்டினேன். ஒன்பது மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. ஜோசியரைப் பேருந்து நிறுத்தத்தில் விட்டுவிட்டு வந்து, நடந்ததை நடந்தபடி எழுதி அனுப்பினேன்.

ஏறத் தடை உள்ளவர்களுக்குக் கீழே ஒரே வேலைதான்: கண்ட்ரோல் ரூமில் திரையைக் கண்காணிப்பது. அது எனக்குத் தெரியும், ஆனால் எழுதும்போது ஞாபகத்துக்கு வரவில்லை. திங்கட்கிழமை காலை ஒட்டடைக்கொம்பு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். முட்டி மேசையில் இடித்தது. கன்னம் வீங்கியிருந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மதியம் ஷெட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அவர் வருவதற்கு முன் அங்கிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சாயங்காலம்வரை அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம், ஃபேனை நிறுத்தலாமா? காத்து பட்டா கூசுது."

காற்றாலைக்காரர் சொல்கிற பேச்சா இது. முன்பென்றால் இதை வைத்தே ஒரு வாரம் ஓட்டியிருப்பேன். எழுந்து ஃபேனை நிறுத்தினேன். அறை இன்னும் அமைதியாகிவிட்டது. இரண்டு பேரும் அவரவர் திரையில் பச்சைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாமே ஓடிக்கொண்டிருந்தன.