பெல்மோ என்று யாரும் கூப்பிடவில்லை

காதர் பாட்சா இறந்து ஆறு மாதம் ஆகியிருந்தபோது அவருடைய சிநேகிதர்கள் இரண்டு பேர் விருதுநகரில் அவர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் உக்கிரபாண்டி. தாயில்பட்டிப் பக்கம் பருத்தியும் மக்காச்சோளமும் போடுகிற சம்சாரி. இன்னொருவர் சங்கிலிமுத்து. சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற பிரஸ்ஸில் மெஷின் ஓட்டுகிறவர். வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த காதர் பாட்சாவோடு இவர்களைச் சேர்த்து வைத்தது பெல்மோ என்கிற சித்திரக்கதை நாயகன்.

பெல்மோ பனிமலைகளில் தபால் கொண்டுபோகிறவன். ஒரு கோவேறு கழுதையைத் தவிர அவனுக்குத் துணை கிடையாது. துப்பாக்கியைத் தொட மாட்டான். வெளிநாட்டுக் கதைதான் என்றாலும் தமிழில் இருபது வருஷத்துக்கு மேலாக வந்துகொண்டிருந்தது. அதைப் படித்து வளர்ந்தவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிவகாசியில் ஒரு புரோட்டாக் கடையில் கூடிப் புதுப் புத்தகத்தை அலசுவார்கள். அந்தக் கூட்டத்தில் காதர் பாட்சாவின் சொல்லுக்குத் தனி மதிப்பு இருந்தது. அவர் உதட்டைப் பிதுக்கிவிட்டால் அந்தப் புத்தகம் தேறவில்லை என்று அர்த்தம்.

"பெல்மோவப் படமா எடுத்துட்டாக மதினி" என்றார் உக்கிரபாண்டி. "தமிழ்ல பேச வச்சு வருது. ஞாயித்துக்கிழம நாங்க எல்லாரும் மொத்தமாப் போறோம். பாய் இருந்தா மொத ஆளா நிப்பாக. அவுகளுக்காக நீங்க ஒருக்க வரணும். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க."

"சரிண்ணே" என்றாள் காதர் பாட்சாவின் மனைவி சம்சாத்.

வருவதாக நினைத்துச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கொழுந்தன் கடையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னபோது சரி என்றாள். புருஷனுடைய செருப்புகளைப் பள்ளிவாசலில் யாருக்காவது கொடுத்துவிடட்டுமா என்று கேட்டபோதும் சரி என்றாள். ஆறு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் கடையிலிருந்து வந்தவர் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று படுத்தார். தண்ணீர் கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அழுகை வரவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதைத் தங்களுக்குள் பேசிக்கொண்டது அவள் காதிலும் விழுந்தது. அப்போதும் ஒன்றும் தோன்றவில்லை.

விஷயம் தெரிந்து நாத்தனார் பர்ஹத் வந்துவிட்டாள்.

"எங்க அண்ணன் மவுத்தாகி இன்னும் வருசம் திரும்பல. அதுக்குள்ள தியேட்டருக்கா மைனி?"

"இத்தா இருக்க வேண்டிய நாலு மாசம் பத்து நாளும் முடிஞ்சிருச்சுல்ல."

"முடிஞ்சா? படம் பாக்கப் போகச் சொல்லியிருக்கா?"

"இல்ல" என்றாள் சம்சாத். பர்ஹத் இன்னும் ஏதாவது வருமென்று பார்த்துக்கொண்டிருந்தாள். சம்சாத் துவைத்த துணிகளை மடிக்கத் தொடங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புர்காவைப் போட்டுக்கொண்டு, கல்லூரியில் படிக்கிற மகள் மஹ்ரீனோடு சிவகாசிக்குப் பஸ் ஏறினாள். தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகள் இன்னும் திறக்காத சமயம். திருத்தங்கல் தாண்டியதும் ஆள் ஏற்றுகிற கம்பெனி வேன்கள் வேப்பமரத்தடியில் வரிசையாகச் சும்மா நின்றன. வேலை இல்லாத சனமெல்லாம் தியேட்டர் வாசலில் நின்றது.

பெல்மோ கூட்டத்தார் தனியாகத் தெரிந்தார்கள். சங்கிலிமுத்து கெட்டி ஆர்ட் பேப்பரில் ஒரு பெரிய போஸ்டர் அடித்துக் கொண்டு வந்திருந்தார். மேலே கழுதையோடு பெல்மோ. கீழே காதர் பாட்சாவின் படம், 'எங்கள் பாய் நினைவாக' என்கிற எழுத்துகளோடு. எல்லாரும் சம்சாத்துக்கு வழிவிட்டு விலகி நின்றார்கள். அவள் என்ன செய்வாளோ என்று அவர்கள் முகத்தில் ஒரு பயம் இருந்தது.

அவள் போஸ்டரைப் பார்த்தாள். சட்டைக்கு நீலம் கூடிப்போயிருந்தது. அவரிடம் அந்த நிறத்தில் சட்டையே கிடையாது.

"நல்லாருக்கு தம்பி" என்றாள்.

படம் தொடங்கியது. பனிமலை வந்ததும் கூட்டத்தார் உட்கார்ந்திருந்த இரண்டு வரிசையும் எழுந்து நின்று விசிலடித்தது. குதிரை மேல் ஒருவன் வந்தான். அவனை ரையன் என்று கூப்பிட்டார்கள். இது வேறு யாரோ, பெல்மோ பின்னால் வருவான் என்று காத்திருந்தார்கள். அப்புறம்தான் விளங்கியது. அவனுக்கு வெளிநாட்டில் அதுதான் பெயர். பெல்மோ என்பது தமிழில் யாரோ வைத்த பெயர். படத்தில் அப்படி யாரும் கூப்பிடப் போவதில்லை.

"ஏலே, கழுத எங்கலே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கத்தியது.

கழுதை வரவில்லை. ஒரு பெண் வந்தாள். சற்று நேரத்தில் ரையன் இடுப்பிலிருந்து துப்பாக்கியை எடுத்து ஏழெட்டுப் பேரைச் சுட்டான். கம்பெனி லீவில் வந்திருந்த சனம் கைதட்டி ஆரவாரம் செய்தது. அவர்களுக்குப் படம் பிடித்திருந்தது. அந்த இரண்டு வரிசை மட்டும் சத்தமில்லாமல் இருந்தது. உக்கிரபாண்டி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். இடைவேளைக்கு முன்னாலேயே சங்கிலிமுத்து எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

சம்சாத் நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று புத்தகங்களை ஒன்றாகக் குழப்பி எடுத்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. எந்த இடம் எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்றும் தெரிந்தது. பிற்பாதியில் ரையன் தன் தபால் பையிலிருந்த ஒரு கடிதத்தைப் பிரித்துப் படித்தான். குழம்பில் உப்பில்லை என்பது நாக்குக்குத் தெரிவதுபோல அதிலிருந்த தப்பும் அவளுக்குத் தெரிந்தது. கோபம் வரவில்லை. பக்கத்தில் மஹ்ரீன் அவள் கையைப் பிடித்தாள். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள்.

படம் விட்டதும் புரோட்டாக் கடைக்குப் போனார்கள். அவளையும் மகளையும் விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார்கள். யாரும் சாப்பிடவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எடுத்தவனுக்குக் கை விளங்காமல் போகும் என்றார் ஒருவர். இனிமேல் புத்தகத்தைத் திறந்தால் அந்த நடிகன் மூஞ்சிதானே வரும் என்று இன்னொருவர் தலையைத் தொங்கப்போட்டார்.

"எங்கப்பன் செத்தன்னிக்குக் கூட எனக்கு இப்பிடி..." என்று தொடங்கிய சங்கிலிமுத்து, சம்சாத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

உக்கிரபாண்டி பேச்சை மாற்றினார்.

"இன்னிக்குப் பாய் இருந்தா என்ன சொல்லியிருப்பாக மதினி? கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாகல்ல?"

"அவுகளுக்குப் பிடிச்சிருக்கும்" என்றாள் சம்சாத்.

யாருக்கும் புரியவில்லை.

"அவுகளுக்கு எல்லாப் படமும் பிடிக்கும்ணே. சண்ட இருந்தாப் போதும். கைதட்டிப் பாத்திருப்பாக."

"பாய்க்கா? போன வருசம் வந்த புத்தகத்துல கழுத காத மாத்தி வரஞ்சுட்டான்னு ஒரு மணி நேரம் பேசுனாகளே. அதெல்லாம்?"

"அது நான் சொன்னது."

மஹ்ரீன் தாயைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ஆமா மாமா" என்றாள். "அத்தா மூணு பக்கம் படிக்கிறதுக்குள்ள தூங்கிருவாக. அம்மாதான் படிப்பாக. கூட்டத்துக்குக் கெளம்பறப்ப அத்தா, என்ன சொல்லட்டும், என்ன சொல்லட்டும்னு அம்மா பின்னாலயே அடுப்படிக்கு வருவாக. பஸ் ஏர்ற வரைக்கும் சொல்லிப் பாத்துக்கிட்டே போவாக."

ஒருவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். சங்கிலிமுத்துவின் முகம் சிவந்தது.

"அப்ப இத்தன வருசமா எங்கள ஏமாத்துனாகளா மதினி?"

"ஏமாத்தல தம்பி. அவுகளுக்கு ஒங்க கூட உக்காரணும். வெறும் ஆளா வந்தா எப்பிடி உக்கார்றதுன்னு நெனச்சாக. எனக்கும் ஆம்பளைக கூடுற எடத்துக்கு வர முடியாது. நான் சொல்றத நாலு பேரு கேட்டாகன்னு வந்து சொல்லுவாக. யாரு என்ன பதில் சொன்னாகன்னு ஒண்ணு விடாமச் சொல்லுவாக. நீங்க ஒருக்க எதுத்துப் பேசுனது கூட எனக்குத் தெரியும்."

"எதச் சொல்றீக?"

"ஆத்துப் பாலம் ஒடையிற கதைக்கு. நீங்க சொன்னதுதான் சரி. அன்னிக்கு நான் அவசரப்பட்டுச் சொல்லிட்டேன்."

சர்வர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனான்.

உக்கிரபாண்டி தன் நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டார். "சரி மதினி. இப்ப நீங்க சொல்லுங்க. படம் எப்பிடி?"

சம்சாத் கொஞ்சம் யோசித்தாள். சொல்ல வேண்டுமென்ற ஆசையும் இல்லை, சொல்லக் கூடாதென்றும் இல்லை. கேட்டார்கள், சொன்னாள்.

"பேரு வேறயா இருந்தாப் பரவால்ல. கழுத இல்லாட்டியும் போகுது, அத வச்சுப் படம் எடுக்கக் கஷ்டமா இருந்திருக்கும். துப்பாக்கியக் கூட விட்டுரலாம், நம்ம படத்துலயும் அப்பிடித்தான எடுக்காக. ஆனா கடுதாசியப் பிரிச்சுப் படிச்சான் பாருங்க. பெல்மோ அடுத்தவுக கடுதாசியப் பிரிக்கவே மாட்டான். அவன் சாகக் கெடந்தப்பக் கூடப் பிரிக்கல. அங்கனயே அது வேற ஆளாப் போச்சு. அதுக்கப்பறம் கழுத வந்திருந்தாலும் பிரயோசனம் இல்ல."

அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. பாயின் பேச்சை எப்படிக் கேட்பார்களோ அப்படியே கேட்டார்கள். முடித்ததும் சங்கிலிமுத்து இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். படத்துக்காக அழுகிறாரா, காதர் பாட்சாவுக்காக அழுகிறாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது. மற்றவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சம்சாத் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் வருமோ என்று ஒரு நிமிடம் காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"சாப்பிடுங்க தம்பி. ஆறிப் போகுது" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மஹ்ரீன், "அத்தாவப் பத்தி ஏம்மா சொன்ன? அவுக மத்தியில அத்தா பெருசா இருந்தாகல்ல?" என்று கேட்டாள்.

"கேட்டாக. வேற என்ன சொல்லன்னு தெரியல" என்றாள் சம்சாத். சொல்லியிருக்க வேண்டாமோ என்று வீடு வருகிற வரை யோசித்தாள்.

படம் அந்த வாரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டது. பர்ஹத் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, ஒருநாள் கறிக்குழம்போடு வந்து பழையபடி பேச ஆரம்பித்தாள்.

அடுத்த மாதத்துப் புத்தகத்தை உக்கிரபாண்டி விருதுநகர் சந்தைக்கு வந்த ஆளிடம் கொடுத்துவிட்டிருந்தார். சம்சாத் அதை மத்தியானம் உலை கொதிக்கும்போது படித்தாள். ஞாயிற்றுக்கிழமை டெலிபோன் மணி அடித்தது.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கோம் மதினி. எல்லாரும் இருக்காக. சொல்லுங்க" என்றார் சங்கிலிமுத்து. பின்னால் கல்லில் கொத்துப் புரோட்டா கொத்துகிற சத்தம் கேட்டது.

கதை பரவாயில்லை என்றாள். நடுவில் ஒரு ஊரைக் காட்டி அதைப் பாதியிலேயே விட்டுவிட்டார்கள் என்றாள். யாரோ மறுத்துப் பேசினார்கள். அதற்கும் பதில் சொன்னாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போனை வைத்தாள்.

"என்னம்மா சொன்னாக?" என்று மஹ்ரீன் கேட்டாள்.

"கேட்டுக்கிட்டாக."

சொன்னதெல்லாம் சரியாகத்தான் சொன்னோம் என்று அவளுக்குத் தோன்றியது. அதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை. சோறு வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.