புனித வெள்ளிக்கு மூடுகிற பேங்க்

எங்கள் ஊரில் கிராஃபிஷ் கடையைத் திறப்பது பெரிய காரியமில்லை. அதை அடுத்த ஆண்டும் திறப்பதுதான் பெரிய காரியம். லூசியானாவில் நெல் அறுத்த வயலில் தண்ணீர் கட்டினால் கிராஃபிஷ் என்கிற இந்தச் சிவப்பு இறால் பெருகும். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்து வெள்ளிகளில் கத்தோலிக்கர்களுக்கு இறைச்சி கிடையாது என்பதால் ஊரே இறாலுக்கு அலையும். புனித வெள்ளி ஒரு நாள் வியாபாரம்தான் மீதி ஆண்டைத் தாங்கும். அன்று இறால் மூட்டை கிடைக்காத கடை எதுவும் மறுபடி திறந்து நான் பார்த்ததில்லை.

எல்மீர் பள்ளிச் சமையலறை வேலையை விட்டுவிட்டு, சேமிப்பு முழுவதையும் போட்டு, பழைய டயர் கடையில் இரண்டு பெரிய அண்டாக்களை ஏற்றினாள். நான் அவளுக்கு ஐஸ் கொடுப்பவன். அதனால் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அடுப்பு தயார், மசாலா தயார். பேங்க் கணக்கு மட்டும் பாக்கி. எங்கள் தெருவில் எதிரெதிராக இரண்டு பேங்க். ஒன்று டெக்சாஸிலிருந்து புதிதாக வந்தது. மாதக் கட்டணம் கிடையாது, குறைந்தபட்ச இருப்பு கிடையாது, கணக்கு தொடங்கினால் ஒரு ஐஸ் பெட்டி இலவசம். இன்னொன்று எங்கள் ஊர் பேங்க். மாதம் பதினைந்து டாலர் கட்டணம், இலவசமாக ஒரு காலண்டர். மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். புனித வெள்ளிக்குத் திறக்கவே மாட்டார்கள்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று அவள் அண்ணன் ஃபெர்டி கேட்டான். நானும் அதையேதான் சொன்னேன். டெக்சாஸ் பேங்க் புனித வெள்ளியிலும் திறந்திருக்கும் என்பதை அங்கிருந்த பெண் பெருமையோடு சொல்லியும் அனுப்பினாள்.

எல்மீர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. மறுநாள் என் ஐஸ் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கேம்மா போகணும்?" என்றேன்.

"வயலுக்கு, க்லேபெர் அண்ணே. பேங்க்காரங்க சொன்னத கேட்டாச்சு. என் செக்கை வாங்கப் போறவங்க என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

அன்று ஐந்து வயல்களுக்குப் போனோம். எல்லா இடத்திலும் அவள் கேட்டது ஒரே கேள்வி: நான் செக் கொடுத்தால் எங்கே போடுவீர்கள்? வரிக் கணக்குக்காக விவசாயிகள் செக்தான் கேட்பார்கள். ஆனால் வயலில் இறால் பொறிகளைத் தூக்குகிற ஆட்களுக்குக் கூலி ரொக்கமாகத்தான் போகும். ஐந்து பேருக்குமே கணக்கு ஊர் பேங்க்கில் இருந்தது.

அந்த ஐவரில் ஒருவனான அல்சீட், படகை வரப்பில் கட்டிக்கொண்டே, விஷயத்தை உடைத்துச் சொன்னான். "எங்க பேங்க் செக்னா அப்பவே கையில காசு. எதிர்பேங்க் செக்னா ஒரு வாரம் பிடிச்சு வெச்சிக்குவான். அதுவரைக்கும் என் ஆளுங்களுக்கு நான் காலண்டரையா கிழிச்சுக் குடுக்கறது?"

"புனித வெள்ளிக்கு?" என்றாள் எல்மீர்.

"வியாழன் சாயங்காலம் கூலி வந்தாத்தான் வெள்ளி காலையில ஆள் தண்ணியில எறங்குவான். பேங்க் மூணு மணிக்கு மூடிரும். நாங்க கரையேறவே அஞ்சாயிடும். வருஷா வருஷம் இதே ரோதனைதான், செல்லம்."

ஊர் திரும்பியதும் எல்மீர் வண்டியை விட்டு இறங்கினாள். நேராக ஊர் பேங்க்குக்குப் போனாள். மேலாளர் லாபே, தவக்காலத்தில் ஒரு நாள் தவறாமல் இறால் தின்கிற மனிதர். கணக்கு தொடங்குகிறேன், பதினைந்து டாலரும் கட்டுகிறேன், ஆனால் புனித வெள்ளிக்கு முந்தைய பெரிய வியாழன் அன்று, காரில் இருந்தபடியே பணம் வாங்குகிற ஜன்னல் ஏழு மணி வரை திறந்திருக்க வேண்டும் என்றாள். விதிமுறை இடம் தராது என்று அவர் ஆரம்பித்தார்.

"அன்னிக்கு ஏழு மணிக்கு நீங்க எங்க இருப்பீங்க, மிஸ்டர் லாபே?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "உன் கடை வரிசையில."

"வரிசையில நிக்க வேண்டாம். பேங்க்ல இருக்கிற எல்லாருக்கும் ஜன்னலுக்கே கொண்டாந்து குடுக்கறேன். நீங்க உள்ள இருந்தா போதும்."

காசாளர் பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார்கள். லாபே பேனாவை எடுத்தார்.

ஃபெர்டி தானே டெக்சாஸ் பேங்க்கில் கணக்கு தொடங்கிப் பெட்டியை வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் அவளைக் கிண்டல் செய்தான். "இலவசப் பெட்டிய விட்டுட்டு காலண்டர் வாங்கிட்டு வந்தவ" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவள் அந்தக் காலண்டரைக் கடையில் மாட்டி, பெரிய வியாழனைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். ஒவ்வொரு வெள்ளியின் வரவிலும் ஒரு பங்கை அந்த நாளுக்கென்று தொடாமல் வைத்தாள். புது ஃப்ரீசர் வாங்கச் சொல்லி நான் நச்சரித்தும் வாங்கவில்லை.

பெரிய வியாழன் வந்தது. மாலையில் வயல் வயலாகப் போய், மறுநாள் பிடிக்கப்போகிற மூட்டைகளுக்கு அன்றே செக் எழுதிக் கொடுத்தாள். சேற்றுக் காலோடு ஐந்து பேரும் வண்டியில் பேங்க் ஜன்னலுக்குப் போனார்கள். உள்ளே லாபே ஒரு கையால் இறாலை உரித்துக்கொண்டு, மறு கையால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கூலி அன்றிரவே ஆட்களின் வீட்டுக்குப் போய்விட்டது.

வெள்ளி காலை, நகரத்து உணவகம் ஒன்றின் லாரி அல்சீடின் வரப்பில் வந்து நின்றது. நான் ஐஸ் இறக்கிக்கொண்டிருந்தேன். மூட்டைக்குப் பத்து டாலர் கூடுதல் தருவதாகச் சொல்லி, லாரிக்காரன் செக் புத்தகத்தைத் திறந்தான். நான் மணியைப் பார்த்தேன். இன்னும் ஒரு மணி நேரத்தில் எல்மீரின் கடைமுன் ஊர் கூடிவிடும்.

"இதை இன்னிக்கு எங்க மாத்தறது, கோயில்லயா?" என்றான் அல்சீட். "எடத்தக் காலி பண்ணுப்பா. மூட்டை நேத்தே வித்தாச்சு, கூலியும் குடுத்தாச்சு."

மற்ற நான்கு வயல்களிலும் லாரிக்கு அதே பதில்தான். அது காலியாகவே திரும்பியது.

அன்று எல்மீரின் கடையிலிருந்து கோயில் வரை கார்கள் நின்றன. அண்டாக்கள் ஒரு நிமிடமும் ஆறவில்லை. வேலை முடிந்து கடைசியில் வந்த டெக்சாஸ் பேங்க் பெண்ணுக்கு அண்டாவின் அடியில் இறாலோடு வெந்து கிடந்த சோளமும் உருளைக்கிழங்கும்தான் மிச்சம். எல்மீர் அதற்குக் காசு வாங்கவில்லை.

சாயங்காலம் அவள் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு எத்தனை பாளம் ஐஸ் தர முடியும் என்று என்னிடம் கேட்டாள். நான் சொன்னதை அப்படியே இரண்டு மடங்காக்கச் சொன்னாள்.

திங்கட்கிழமை ஊர் பேங்க் கதவு திறந்தபோது, என் ஐஸ் கம்பெனிக் கணக்கை மாற்ற நான் வாசலில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒருவன் நின்றிருந்தான். கையில் இலவச ஐஸ் பெட்டியோடு, ஃபெர்டி.