வீட்டோட ஃபோன்

மகளின் ஒன்பதாவது பிறந்தநாளுக்குத் தன் அண்ணன் இரண்டு பெட்டிகளோடு வந்து நின்றபோதே அவளுக்குச் சந்தேகம் தட்டியது. ஒரு பெட்டி என்றால் பொம்மையாக இருக்கலாம். ஒரே அளவில் இரண்டு, அதிலும் பிறந்தநாளே இல்லாத சின்னவனுக்கும் சேர்த்து என்றால் விஷயம் வேறு.

வேறுதான். ஆளுக்கொரு ஸ்மார்ட்ஃபோன். மகளுக்கு ஊதா உறை, ஆறு வயதுச் சின்னவனுக்குப் பச்சை உறை.

"என்னண்ணா இது?"

"ஃபோன்."

"அது தெரியுது. எதுக்கு?"

"பேசறதுக்கு."

அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பச்சைப் பிள்ளைகளுக்குக்கூட பவர் ஏறிக்கொண்டே போகிறது, எல்லாம் இந்த ஃபோனால் வந்த வினை என்று கடைக்கு வருகிற ஒவ்வொரு தாய் தகப்பனையும் உட்காரவைத்து அரை மணி நேரம் பேசுகிறவர். அதை அவள் எடுத்துச் சொன்னாள்.

"அது ஊரார் பிள்ளைங்க. இது என் தங்கச்சி பிள்ளைங்க" என்றார், கொஞ்சமும் கூச்சப்படாமல்.

"அவனுக்கு இன்னும் ஷூ லேஸ் கட்டத் தெரியாதுண்ணா."

"அவளுக்கு மட்டும் குடுத்துட்டு அவனை வெறுங்கையோட விடச் சொல்றியா? மனசு கேக்குமா? நம்ம ரெண்டு பேரும் அப்படியா வளந்தோம்?"

"நம்ம வீட்டு சைக்கிளை ஒரு நாளாவது என்கிட்ட குடுத்திருக்கியா நீ?"

அண்ணன் அது காதில் விழாத மாதிரி கேக்கை வாயில் போட்டுக்கொண்டார். அவள் கணவனைப் பார்த்தாள். அச்சகத்தில் மெஷின் ஓட்டுகிறவன். எட்டு மணி நேரம் அந்த இரைச்சலில் நின்றுவிட்டு வருவதால் வீட்டில் யாரும் குரலை உயர்த்தக் கூடாது என்பது அவன் ஒரே கொள்கை. "மச்சான் ஆசையா வாங்கிட்டு வந்திருக்கார். கொஞ்ச நாள் பாக்கலாமே" என்றான். கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று அவன் சொன்னால், இதில் என்னை இழுக்காதே என்று அர்த்தம். கல்யாணமான பதினோரு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்ட பாஷை அது. பிள்ளைகள் அதற்குள் அறைக்குள் ஓடிவிட்டார்கள். விருந்துக்கு வந்தவர்கள் எதிரில் பிடுங்க முடியுமா?

அவள் லிஃப்ட் மெக்கானிக். எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுபோனால் ஆபீசிலிருந்து அவளையும் ஊசியையும் அனுப்புவார்கள். ஊசி என்பது ஐம்பது வயதைத் தாண்டிய, காற்றடித்தால் சாய்ந்துவிடுகிற மாதிரி ஒல்லியான ஒரு மனிதர். எந்த இண்டு இடுக்கிலும் நுழைந்து வந்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். பிள்ளைகள் மூன்றேகாலுக்குப் பள்ளிவிட்டு வந்து, அப்பா வருகிற ஐந்தேகால் வரை தனியாக இருப்பார்கள். ஏதாவது என்றால் கீழ்வீட்டு டெய்லரிடம் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு வருஷமாக அது ஒழுங்காகத்தான் நடந்தது.

ஃபோன் வந்த மூன்றாம் நாள் சின்னவன் அம்மாவின் நம்பரை அழுத்தக் கற்றுக்கொண்டான். அதோடு அவள் நிம்மதி போயிற்று.

"அம்மா, நீ எங்க இருக்க?"

"வேலையில இருக்கேன்டா கண்ணா."

"நான் வீட்டுல இருக்கேன்."

"சரி."

"இப்ப எங்க இருக்க?"

எடுக்காவிட்டால் விடமாட்டான். ஒரு நாள் பதினான்கு தடவை அடித்தான். பதறிப்போய்த் திருப்பிக் கூப்பிட்டால், "ஒண்ணுமில்லம்மா, நீ எடுப்பியான்னு பாத்தேன்" என்றான். மகள் வேறு ரகம். அவள் கூப்பிடவே மாட்டாள். அவள் வகுப்புப் பெண்கள் ஒன்பது பேர் ஒரு குரூப் வைத்திருந்தார்கள். ஒரு மாலையில் முந்நூற்றுப் பன்னிரண்டு செய்திகள். தாய் உட்கார்ந்து பார்த்தாள். முக்கால்வாசி 'ம்'. மிச்சத்தில் ஒன்று தாயின் படம். சோபாவில் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிற படம். அதற்குக் கீழே எட்டுச் சிரிப்பு முகங்கள்.

"இது என்னடி?"

"நல்லாதான்மா இருக்கு. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு."

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் வந்தபோது கேட்டுப் பார்த்தாள். சின்னப் பிள்ளைகளுக்கு ஃபோன் கொடுப்பது பெரிய தப்பு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சரி, அப்போது எல்லாரும் சேர்ந்து வாங்கிவைத்துவிடலாமே என்றாள். ஒருவர் மகன் ரொம்பப் பிடிவாதக்காரனாம். இன்னொருவர் மகள் அதில்தான் கணக்குப் போடுகிறாளாம். மூன்றாமவர், "நீங்க முதல்ல வாங்குங்க, பாத்துட்டு நாங்க வாங்கறோம்" என்றார். டீச்சரோ வீட்டுப்பாடத்தைக் குரூப்பில்தானே போடுகிறோம் என்று சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இவர்களிடம் பேசுவதற்குப் பதில் நின்றுபோன லிஃப்டோடு பேசலாம், அதுவாவது கடைசியில் வழிக்கு வரும் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த வியாழக்கிழமை ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில் வேலை. அவள் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று கதவின் இணைப்பை முடுக்கிக்கொண்டிருந்தாள். ஊசி கீழே குழிக்குள் இறங்கி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே இறங்கினால் ஃபோனை அணைத்துவிட வேண்டும் என்பது கம்பெனி விதி. பல வருஷமாக அவள் அதை மீறியதில்லை. இந்த மூன்று வாரமாகத்தான் அணைப்பதில்லை. பிள்ளைகள் கையில் ஃபோன் இருக்கிறதே, உண்மையாகவே ஏதாவது என்று கூப்பிட்டால்?

பையில் ஃபோன் துடித்தது. நின்றது. மறுபடி துடித்தது. மூன்றாவது தடவை அவள் ஸ்பானரைச் சட்டத்தின் மேல் வைத்துவிட்டுக் கையைப் பைக்குள் விட்டாள். முழங்கை இடித்தது. ஸ்பானர் சரிந்து, கூண்டுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் போய்விட்டது. சுவரில் இரண்டு முறை மோதிய சத்தம் கேட்டது. பிறகு கீழே ஒரு பெரிய சத்தம்.

"அண்ணே!"

பதில் இல்லை.

"அண்ணே! ஊசி அண்ணே!"

கையிலிருந்த ஃபோனில் சின்னவன் குரல் கேட்டது. "அம்மா, பூனைக்குத் தொப்புள் இருக்கா?"

"இருக்கேன்மா" என்று கீழிருந்து ஊசியின் குரல் மெதுவாக வந்தது. "ஒரு சாண் தள்ளி விழுந்துச்சு."

அவள் இறங்கி வந்தபோது அவர் மாடிப்படியில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "யாரு கூப்பிட்டது? வீட்டுல எதுவும் பிரச்சனை இல்லையே?" என்று கேட்டார். பூனையின் தொப்புள் என்று எந்த வாயால் சொல்வது? "ஒண்ணுமில்லண்ணே" என்றாள். நடந்ததைத் தானே ஆபீசில் போய்ச் சொன்னாள். மேலாளர் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வாரம் உள்ளே இறங்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்குள் நுழைந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ரெண்டு பேரும் ஃபோனை எடுத்துட்டு வாங்க."

சின்னவன் உடனே கொண்டுவந்து கொடுத்தான். "இருக்காம்மா, இல்லையா?" என்று மட்டும் கேட்டான். மகள் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"நான் என்ன பண்ணேன்? அவன்தானே உன்னைக் கூப்பிட்டான்!"

"யார் கூப்பிட்டான்னு இல்லடி. குடு."

"அப்போ தம்பி மறுபடி பாத்ரூம்ல மாட்டிக்கிட்டா நான் என்ன பண்றது?"

"மறுபடியா? எப்ப மாட்டினான்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா காலண்டரைப் பார்த்தான்.

போன வாரம் தாழ்ப்பாள் இறுகி சின்னவன் குளியலறைக்குள் சிக்கிக்கொண்டு கத்தியிருக்கிறான். கீழே டெய்லர் கடை பூட்டியிருந்தது. மகள் வீடியோவில் அப்பாவைக் கூப்பிட்டு, கதவிடுக்கைக் காட்டி, அவன் சொன்னபடி ஒரு கரண்டிக் காம்பை நுழைத்துத் தாழ்ப்பாளை நெம்பித் திறந்திருக்கிறாள். ஒன்பது வயதுப் பெண். அழவும் இல்லையாம்.

கேட்டவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். கோபம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் கணவன் பக்கம் திரும்பியது.

"என்கிட்ட ஏங்க சொல்லல?"

"சொன்னா பயப்படுவ. இல்லேன்னா, பாத்தியா ஃபோன் எவ்வளவு நல்லதுன்னு நான் சொல்ற மாதிரி ஆயிடும். சண்டை வரும்."

"இப்ப மட்டும் வரலியா?"

"வந்துடுச்சு" என்று ஒப்புக்கொண்டான்.

"மெஷின் ஓடறப்போ உங்களுக்கு ரிங் கேக்குமா? அன்னைக்கு எப்படி எடுத்தீங்க?"

"அப்ப டீ டைம்."

"டீ டைமா இல்லாம இருந்திருந்தா?"

அவன் மறுபடி காலண்டரைப் பார்த்தான். அவளுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. கொடுத்தாலும் பயம், பிடுங்கினாலும் பயம். இதில் எது சரி என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒருவருக்கும் இந்த வீட்டுத் தாழ்ப்பாளைத் தெரியாது. ஸ்பானரைப் பற்றி அப்போதுதான் அவள் சொன்னாள். கணவன் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தான். மகள் எதுவும் பேசாமல் ஊதா ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவு மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தப்பட்டது.

மறுநாள் தாழ்ப்பாளை மாற்றினாள். பட்டன் வைத்த சாதாரண ஃபோன் ஒன்றை வாங்கி, சமையலறை அலமாரியில், சின்னவனுக்கும் எட்டுகிற தட்டில் வைத்தாள்.

"இது யாருது?" என்றான் சின்னவன்.

"யாருதும் இல்ல. வீட்டோடது. வீட்டை விட்டு வெளியே போகாது."

"படம் தெரியுமா?"

"தெரியாது."

"பாம்பு கேமாவது இருக்கா?"

இருந்தது. அவன் அளவில் பிரச்சனை தீர்ந்தது. அவசரம் என்றால் அம்மாவைக் கூப்பிடக் கூடாது, ஆபீசைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அங்கே பழுதுப் புகார்களை எடுக்கிற அக்கா எப்போதும் மேசையில் இருப்பார். அம்மா எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் இருக்கிறாள் என்பது அவருக்குத் தெரியும். அம்மா உள்ளே இறங்கியிருந்தால் அந்தக் கட்டடத்துக் காவலாளியை அனுப்பிச் சொல்லவைப்பார்.

அண்ணன் கோபித்துக்கொண்டார். "நான் குடுத்ததைத் திருப்பிக் குடுக்கறியா?" என்றார்.

"திருப்பிக் குடுக்கலண்ணா. பீரோவுல இருக்கு. அவளுக்குப் பதிமூணு வயசாகட்டும்."

"அதுக்குள்ள பழசாயிடும்."

"ஆகட்டும். நாமளும்தான் ஆவோம்."

அவர் குரலைத் தாழ்த்தி, "சைக்கிள் விஷயத்தை இன்னும் மனசுல வச்சிருக்கியா?" என்று கேட்டார்.

மகள் அம்மாவிடம் பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, பத்து நாள். தட்டை நீட்டுவாள், சாப்பிடுவாள், தலை பின்னக் குனிவாள், வாயைத் திறக்க மாட்டாள். குரூப்பிலிருந்து தன்னை நீக்கிவிட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லி அழுதாளாம். அதைக் கேட்ட தாய்க்குப் பீரோவைத் திறந்துவிடலாமா என்று இருந்தது. சாவியை எடுத்துக் கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மறுபடி மாட்டினாள். எதிலும் ஜெயித்த மாதிரி இல்லை.

பதினோராம் நாள் ஏழாவது மாடியில் வேலை முடித்துக் கூண்டின் மேலிருந்து வெளியே வந்தபோது, காவலாளி மூச்சு வாங்கப் படியேறி வந்து நின்றார். "உங்க ஆபீஸ்ல பேசச் சொன்னாங்க."

கூப்பிட்டாள். ஆபீஸ் அக்கா ஒரு காகிதத்தைப் பார்த்து வாசிக்கிற குரலில் சொன்னார்: "உன் பொண்ணு பேசிச்சு. அப்படியே எழுதி வச்சுச் சொல்லணும்னுச்சு, எழுதிட்டேன். 'அம்மாகிட்ட நான் இன்னும் பேசல. ஆனா தம்பிக்கு உடம்பு சுடுது. அப்பா எடுக்கல. டெய்லர் மாமா வந்து உக்காந்திருக்கார். அவசரமா வர வேணாம். ஆனா வரட்டும்.' அவ்வளவுதான்."

ஊசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "போம்மா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றார்.

வீட்டில் சின்னவன் போர்வைக்குள் இருந்தான். நெற்றியில் மடித்த ஈரத்துணி. டெய்லர் வாசல் பக்கம் நாற்காலி போட்டு ஒரு சட்டைக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். மகள் துணியைத் திருப்பிப் போட்டாள், அம்மாவைப் பார்த்தாள், வாயை இறுக்கிக்கொண்டாள்.

"நூத்தி ஒண்ணு" என்றாள், தம்பியைப் பார்த்து.

"எப்ப பாத்த?"

"நாலு மணிக்கு" என்றாள், சுவரைப் பார்த்து.

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து மகளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். மகள் நகரவில்லை. துணியை மறுபடி நனைத்துக்கொண்டே, "ஃபோனுக்குப் பதிமூணு வயசு ரொம்ப ஜாஸ்தி. பதினொண்ணு" என்றாள்.

"பன்னெண்டு."

"பதினொண்ணரை."

"தெர்மாமீட்டரை எடுடி முதல்ல" என்றாள் அவள்.