கோப்பைப் பார்வையிட்டவர்

காவல் அலுவலகச் சன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கணினித் திரையைப் பார்த்தார், பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். முப்பது வருடத்துக்கு மேலாக நான் ஓடி ஒளிந்தது இந்த ஒரு பார்வைக்குத்தான்.

“கைதுன்னு ஒரு பதிவு இருக்கே சார். திருட்டுக் கேஸ்.”

“விடுதலை ஆயிட்டேன்.”

“அது இங்க ஏறல. பிடிச்சது எங்க கணக்கு, விட்டது கோர்ட்டு கணக்கு. தீர்ப்பு நகல் கொண்டு வாங்க, சான்றிதழ் தர்றோம்.”

என் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் அம்மா இறந்து நான்கு வருடம் ஆகிறது. நான் தனியாகக் கிடப்பது பொறுக்காமல், தன்னோடு வந்துவிடச் சொல்லி, காவல் சான்றிதழ் கேட்கும் விசா விண்ணப்பத்தை அவளே நிரப்பி என் கையெழுத்துக்கு அனுப்பியிருந்தாள். ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா?’ என்ற இடத்தில், என்னைக் கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், ‘இல்லை’ என்று போட்டிருந்தாள். என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இருபத்து மூன்று வயதில், வேலை பார்த்த கட்டடத்தில் செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. அறைச் சாவி என்னிடம் இருந்தது. ஆகவே நான் உள்ளே போனேன். பதினொரு நாள். இரண்டு வருடம் இழுத்தடித்து, எடுத்தது மேஸ்திரியின் மைத்துனன் என்று தெரிந்தபின் விட்டார்கள். அதற்குள் என் மானம் கப்பலேறிவிட்டது. ஊரை மாற்றினேன். பெண் பார்க்கப் போன இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை.

மறுநாள் காலை பழைய ஊருக்குப் பஸ் ஏறினேன். நான்கு மணி நேரப் பயணம். நீதிமன்றப் பதிவறை கட்டடத்தின் பின்பக்கம், சைக்கிள் கொட்டகையைத் தாண்டி இருந்தது. மேசையில் இருந்த பதிவறைக்கார அம்மா கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டிருந்தார்.

“கேஸ் நம்பர்?”

“ஞாபகம் இல்லீங்க.”

“கல்யாண நாள் மறந்தாக்கூட மன்னிக்கலாம், கேஸ் நம்பரை மறக்கலாமா சார்? வருஷமாவது சொல்லுங்க.”

வருடத்தைச் சொன்னேன். தடித்த பதிவேட்டை எடுத்து, பெயர் வரிசையில் விரலை ஓட்டினார். இருபது நிமிடத்தில் என் பெயரைப் பிடித்துவிட்டார். உள்ளே போய், தும்மிக்கொண்டே கட்டு ஒன்றை இறக்கி, அதிலிருந்து என் கோப்பை உருவி மேசையில் போட்டார். இத்தனை வருடம் நான் சுமந்த பாரம் விரல் கனம்கூட இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

“நகலுக்கு மனு எழுதுங்க,” என்றவர், அட்டையைத் திறந்ததும் நிறுத்தினார். “ஏற்கெனவே நகல் வாங்கியிருக்கீங்களே?”

“நானா? இல்லையே.”

“உங்க வீட்டுல யாரோ.”

அட்டையின் உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கோப்பைப் பார்வையிட்டவர்கள் பட்டியல். தேதி, உறவு, காரணம், கையெழுத்து என்று கட்டங்கள். மொத்தம் இரண்டே வரி. இரண்டும் ஒரே கையெழுத்து. மருந்துச் சீட்டில் பிழை வந்துவிடக் கூடாது என்று பார்த்துப் பார்த்து எழுதும் நர்ஸின் எழுத்து. என் மனைவியுடையது.

முதல் தேதி, எங்கள் கல்யாணத்துக்கு ஒன்பது நாள் முந்தையது. உறவு: திருமணம் செய்யவிருப்பவர். காரணம்: தெரிந்துகொள்ள.

யார் சொன்னார்களோ, எப்படி மோப்பம் பிடித்தாளோ, இனிமேல் கேட்க வழியில்லை. தெரிந்துகொண்டாள். ஒன்பது நாள் கழித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

இரண்டாவது வரி அதற்கு எட்டு வருடம் பிந்தையது. உறவு: மனைவி. காரணம்: கணவரின் காவல் சான்றிதழுக்காகத் தீர்ப்பு நகல். அந்த வருடத்தை நான் மறக்க முடியாது. அவளுக்கு வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது அப்போதுதான். குடும்பத்தோடு போகலாம். கணவனுக்கும் காவல் சான்றிதழ் வேண்டும் என்று கடிதத்தில் இருந்தது. அந்த ஒரு வரியைப் படித்ததுமே கடிதத்தை மடித்து அவளிடம் நீட்டினேன்.

“அம்மாவ விட்டுட்டு எப்படி வர்றது?” என்றேன். என் அம்மா அப்போது அண்ணன் வீட்டில் ராணி மாதிரி இருந்தாள்.

மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை எதிரில் உட்கார்ந்து, “வேற ஏதாவது இருக்குங்களா? இருந்தா சொல்லுங்க, பாத்துக்கலாம்,” என்றாள்.

நான் குதித்தேன். “என்ன இருக்கு? என்னைச் சந்தேகப்படுறியா? வேணும்னா நீ மட்டும் போ.”

அவள் போகவில்லை. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

“சார், தண்ணி குடிக்கிறீங்களா?” என்றார் பதிவறைக்கார அம்மா. வேண்டாம் என்று தலையாட்டினேன். “முத்திரை அழியாம இருந்தா அந்த நகலே போதும். வீட்டுல தேடிப் பாருங்க.”

திரும்பும் பஸ்ஸில் அந்த இரண்டாவது தேதி மண்டையைக் குடைந்தது. ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று சொல்லிவிட்டு ஒருநாள் விடியற்காலையில் கிளம்பினாள். பொழுது சாயும் நேரத்தில் கால் வீங்கித் திரும்பினாள். பிள்ளைக்குச் சாப்பாடு போட நேரத்துக்கு வரத் தெரியாதா என்று வாசலிலேயே கத்தினேன். போக நான்கு மணி நேரம், வர நான்கு மணி நேரம். எனக்காக. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்குப் போனாள். நான் ஒரு மடையன்.

அவளுடைய சான்றிதழ்கள் இருந்த நீல உறை அலமாரியின் மேல்தட்டில் இருந்தது. அவள் போனபின் நான் அதைத் தொட்டதில்லை. வேலைக் கடிதத்துக்குப் பின்னால் தீர்ப்பு நகல் இருந்தது, முத்திரை அழியாமல். அதோடு குத்தியிருந்தது என் பெயரில் ஒரு காவல் சான்றிதழ் விண்ணப்பம். எல்லாக் கட்டங்களையும் அவளே நிரப்பியிருந்தாள். கைது பற்றிய கேள்விக்கு ‘ஆம், விடுதலை, தீர்ப்பு இணைப்பு’ என்று எழுதியிருந்தாள். கையெழுத்துக்கான இடம் மட்டும் காலி. நான் தவறான இடத்தில் போட்டுவிடுவேன் என்று அங்கே பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள்.

இவ்வளவும் செய்துவிட்டு, நான் ஒரு வார்த்தை சொல்வதற்காகக் காத்திருந்திருக்கிறாள். நான் சொல்லாமல் அவள் அதை வெளியே எடுக்கவில்லை. என்னைக் கூனிக் குறுக வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

மகளைக் கூப்பிட்டேன்.

“அம்மாடி, அந்த விண்ணப்பத்துல ஒரு இடத்துல தப்பா போட்டிருக்கே.”

“எதுலப்பா?”

சொன்னேன். செம்புக் கம்பி, பதினொரு நாள், அவள் அம்மா இரண்டு முறை போய் வந்தது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அம்மா போகாமல் விட்ட அந்த வேலையைப் பற்றி அவளுக்குத் தெரியும். கடிதத்தோடு வந்த ஆஸ்பத்திரிப் படத்தை அம்மா ரொம்ப நாள் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருந்ததை அவள் பார்த்து வளர்ந்தவள்.

“இதுக்காகவாப்பா அம்மா போகல?”

“ஆமாம்மா,” என்றேன்.