பாகீரதியின் ஓட்டு

வாக்குச்சாவடியில் பட்டனை மாற்றி அழுத்திவிட்டேன். மனிதன் தன் தேர்வுகளால்தான் உருவாகிறான், தேசமும் அப்படியே என்று கரியாஹாட் கடைத்தெரு டீக்கடையில் தினமும் இருத்தலியல் தத்துவம் முழங்குகிறவன் நான். தேர்வின் சுமையை யோசித்தபடியே, ஆயுளெல்லாம் திட்டிய கட்சிக்கு ஓட்டைக் கொடுத்துவிட்டேன்.

வெளியே நின்ற மனைவி பாகீரதியிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீ யாருக்குப் போட்டே?"

ஒவ்வொரு தேர்தலிலும் கேட்பேன். "உங்களுக்கெதுக்கு?" என்பாள். என் பேச்சுக்கு மயங்கி என் கட்சிக்கே போடுகிறாள் என்று நம்பிக்கொள்வேன்.

இன்று மை வைத்த விரலால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க திட்டற கட்சிக்குத்தான், எப்பவும். அவாவா தேர்வு அவாவாளோடதுன்னு நீங்கதானே சொல்வேள்? இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் ஒரே பக்கம்."