ஏழு மணி மோட்டார்

அப்துல் வாஹித் போர்ட் பிளேரில் கம்ப்யூட்டர் சாமான் கடை போட்டு இருபது வருஷம். கடைக்கு ஒரே ஒரு சட்டம்தான்: கப்பல் ஏறிய பொருள் திரும்ப வாங்கப்படாது. நிக்கோபார் தீவுகளின் தென்கோடியில் இருக்கும் கேம்பல் பே ஊருக்குக் கப்பல் போய்ச் சேர இரண்டு மூன்று நாள். அதற்கடுத்த கப்பல் எப்போது என்று கடலைத்தான் கேட்க வேண்டும். அதனால் அங்கிருந்து வருகிறவர்கள் ஒரு திருகாணி வாங்கினாலும் நாலு தரம் புரட்டிப் பார்ப்பார்கள்.

பூங்கோதை எதையும் புரட்டவில்லை. அவளுக்குப் பட்டியல் மனப்பாடம். பிராசஸர், மதர்போர்டு, ரேம், யாரோ பாதி விலைக்கு விட்டுப்போன கேபினெட் என எல்லாம் மேஜைமேல் ஏறிவிட்டன. பாக்கி இரண்டு: கிராஃபிக்ஸ் கார்டும் பவர் சப்ளையும். கையில் இருந்த பணம் இரண்டு விதமாகத்தான் பொருந்தியது. பெரிய கார்டு வாங்கினால் மட்டமான பவர் சப்ளை. நல்ல பவர் சப்ளை வாங்கினால் சின்னக் கார்டு. மணி இரண்டு. கப்பல் நாலு மணிக்கு.

கோயம்புத்தூரில் ஐந்து பேர் சேர்ந்து இணையத்தில் சண்டை விளையாட்டு ஆடும் ஒரு அணி இருக்கிறது. அதில் ஓர் இடம் காலி. கேம்பல் பேயில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் கடை ஒன்றில் பூங்கோதைக்கு வேலை. வேலை முடிந்ததும் அந்தக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஆடிப் பழகி, அணித் தலைவி ராஜகுமாரியின் கண்ணில் பட்டுவிட்டாள். "சனிக்கிழமை ஏழு மணி மேட்ச்ல ஆடிக் காட்டு. ஆனா இந்த ஓட்டை மெஷினோட வராதே. நடுவுல கட்டாச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்" என்று ராஜகுமாரி சொல்லியிருந்தாள். அவள் பேச்சில் எப்போதும் ஈரம் கிடையாது.

பக்கத்தில் நின்ற கணேஷ்குமார், பூங்கோதையின் கணவன். கேம்பல் பேயில் ஐஸ் பிளாண்ட் மோட்டாரைப் பார்த்துக்கொள்கிறவன். பெரிய கார்டை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மட்டமான பவர் சப்ளையின் டப்பாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தான்.

"கோதை, இது வேணாம். இருநூறு வோல்ட்டுக்குக் கீழ போனா நின்னுரும். அந்த இன்னொண்ணு நூறு வரைக்கும் தாங்கும்."

"எப்பவோ ஒரு நிமிஷம் எறங்கறதுக்காக நான் சின்னக் கார்டு வாங்கணுமா?"

"எப்பவோ இல்ல. தெனம் ஏழு மணிக்கு. நான்தானே மோட்டாரைப் போட்டு எறக்கறேன்."

அது உண்மைதான். ஐஸ் பிளாண்ட் மோட்டார் கிளம்பும்போது தெரு முழுக்க விளக்கு மங்கி எரியும். ஆனால் பூங்கோதையின் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. பொம்மைச் சண்டை என்று அவன் ஒருநாள் சொன்னதை அவள் மறக்கவில்லை. இப்போது வோல்ட் கணக்குச் சொல்லித் தடுக்கப் பார்க்கிறான் என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் சம்பளம், என் கம்ப்யூட்டர். உங்களுக்கு இதுல ஆரம்பத்துலேந்தே இஷ்டமில்ல."

வாஹித் அவசரமாக ஃபேனை அண்ணாந்து பார்த்தார். "டீக் ஹை, ரெண்டு பேரும் சாய் குடிச்சுட்டு முடிவு பண்ணுங்கம்மா."

"டீ வேணாம் பாய்" என்று கணேஷ் டப்பாவைக் கீழே வைத்தான். "பெரிய கார்டையே போடுங்க."

அவன் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. இப்படி ஜெயித்தது நன்றாக இல்லை.

கப்பலில் கார்டு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாவற்றையும் மாட்டி முடித்தாள். திரையில் படம் வந்ததும் அழுகை வந்துவிட்டது. சரியாக ஏழு மணிக்கு டியூப்லைட் மங்கியது. கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்தது.

ஒன்பது மணிக்கு வந்த கணேஷ், "எப்படி ஓடுது?" என்று கேட்டான்.

"நல்லா ஓடுது."

பொய் சொன்ன வாய்க்கு அன்று சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை முழுக்க அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது: இன்னைக்கு மட்டும் மோட்டாரை லேட்டாப் போடுங்க. ஆனால் கேட்க முடியுமா? மோட்டார் தாமதித்தால் ஐஸ் உறையாது. விடியற்காலையில் படகுகள் காத்துக் கிடக்கும், எல்லார் வசவும் அவன் தலையில் விழும். கடையில் வைத்து அவனை அப்படிப் பேசிவிட்டு எந்த முகத்தோடு கேட்பது? நாலு மணிக்கு அவன் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போனான். அவள் வாசலில் நின்றாள், வாயைத் திறக்கவில்லை.

ஏழு மணிக்கு மேட்ச் தொடங்கியது. அவள் திரையைப் பார்த்ததைவிட டியூப்லைட்டைப் பார்த்ததுதான் அதிகம். இரண்டு தரம் அநியாயமாகச் செத்தாள். "தூங்கறியா?" என்று ராஜகுமாரி காதில் சீறினாள். ஏழு ஐந்து. ஏழு பத்து. விளக்கு அசையவில்லை. ஏழு இருபதுக்கு மேல் விளக்கை மறந்தாள். அதன்பிறகுதான் உண்மையில் ஆடினாள். கடைசிச் சுற்றில் தனியாளாக நின்று மூன்று பேரைச் சாய்த்தாள்.

"வர்ற சனிக்கிழமையும் இதே நேரம். நீ டீம்ல இருக்கே" என்றாள் ராஜகுமாரி.

மணி ஏழு ஐம்பது. போன் அடித்தது. கணேஷ்.

"முடிஞ்சுதா?"

அவன் குரலுக்குப் பின்னால் யாரோ இந்தியில் கத்திக்கொண்டிருந்தார்கள், மெஷினை எப்போது போடப்போகிறாய் என்று.

"முடிஞ்சுது. எடுத்துக்கிட்டாங்க" என்றாள். "நேத்து அணைஞ்சதை நான் சொல்லவே இல்லியே."

"டப்பாலதான் எழுதியிருந்துதே."

"ஐஸ் உறையாட்டி?"

"காலைல திட்டு விழும். வாங்கிக்கறேன்." கொஞ்சம் தயங்கினான். "வர்ற வாரமும் ஏழு மணிதானா? இன்னொரு தடவை இங்க விட மாட்டாங்க கோதை."

கேபினெட்டுக்குள் கார்டின் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு நாள் மடியில் வைத்துக் கொண்டுவந்த கார்டு.

"இனிமே நீங்க நிறுத்த வேணாம். இந்தக் கார்டை இங்கேயே யார்கிட்டயாவது வித்துட்டு, சின்னக் கார்டும் நல்ல பவர் சப்ளையும் வாஹித் பாய்கிட்ட வரவழைக்கறேன். கப்பல் வர்ற வரைக்கும், திட்டினாலும் ராஜகுமாரிகிட்ட சொல்லிட்டு, கடை மெஷின்லயே சமாளிச்சுக்கறேன். அன்னைக்கு நீங்க சொன்னதுதான் சரி. நான் பேசினது தப்பு."

அந்தப் பக்கம் கத்தல் இன்னும் ஓயவில்லை.

"ஆஃப் பண்ணிட்டியா?" என்றான்.

பூங்கோதை கம்ப்யூட்டரை அணைத்தாள். விசிறி நிற்கும்வரை பொறுத்தாள்.

"போடுங்க" என்றாள்.

டியூப்லைட் மங்கி எரிந்தது.